ரோட்டுப் பனி அரசாங்கத்துக்கு, வாசல் பனி யாருக்கு?

இந்த எபிசோடுல நாம போற இடம் அமெரிக்காவோட வடகிழக்குப் பக்கம். அங்கே குளிர்காலத்துல விடியறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன பிக்கப் டிரக், மூக்குல இரும்புத் தகட்டை மாட்டிக்கிட்டு, வீடு வீடாப் போய் டிரைவ்வேயில கிடக்கிற பனியைத் தள்ளிட்டு இருக்கும். டிரைவ்வேன்னா, ரோட்டுல இருந்து வீட்டு கராஜ் வரைக்கும் போற சொந்தப் பாதை. இந்தத் தொழில் எப்படி வந்துச்சு?

19ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். வெர்மான்ட் மாதிரி ஊர்கள்ல அப்போ பனியை அகற்றணும்னு யாரும் பெருசா நினைக்கல. குளிர்காலத்துல ஓடினது குதிரை இழுக்கிற சறுக்கு வண்டி. அது வழுக்கிட்டுப் போகணும்னா ரோட்டுல பனி இருந்தே ஆகணும். அதனால பெரிய மர உருளைகளைக் குதிரை பூட்டி இழுத்து, பனியை அழுத்திக் கெட்டியாக்கினாங்க. கூரை போட்ட மரப் பாலங்களுக்குள்ள பனி விழாது இல்லையா? அங்கே ஆள் வச்சு பனியை அள்ளிக் கொண்டுவந்து கொட்டினாங்க!

கார் வந்ததும் எல்லாம் தலைகீழாச்சு. ரப்பர் டயருக்கு வெறும் தரை வேணும். 1920களில் டிரக்குக்கு முன்னாடி கலப்பை மாட்டி ரோட்டைச் சுத்தம் பண்றது பரவ ஆரம்பிச்சது. ஆனா ரோட்டுல தள்ளின பனி எங்கே போகும்? ஓரத்துக்குத்தான். அந்த ஓரத்துலதான் உங்க டிரைவ்வேயோட வாய் இருக்கு. நகராட்சி வண்டி ஒவ்வொரு முறை போகும்போதும் அங்கே ஒரு கரை உருவாகும். அது பஞ்சு மாதிரி புதுப் பனி இல்ல. நசுங்கி, ஈரமாகி, கனமான பனி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் பனி. மொத்தம் 12 கன மீட்டர். உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோன்னு வச்சாலே 1.2 டன். ஈரப் பனி 300 கிலோ இருந்தா 3.6 டன். இதைக் கையால மண்வெட்டி பிடிச்சு அள்ளணும். குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கும். திடீர் உழைப்பு ரத்த அழுத்தத்தை ஏத்தும். இதய நோய் உள்ளவங்க பனி அள்ளாதீங்கன்னு டாக்டர்கள் சொல்றது இதனாலதான்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் ரெண்டு விஷயம் சேர்ந்து நடந்துச்சு. நகரத்துக்கு வெளியே டிரைவ்வேயோட தனி வீடுகள் பெருகுச்சு. இன்னொரு பக்கம், போர்ல ஓடின ஜீப்பை வில்லிஸ் கம்பெனி 1945-ல பொதுமக்களுக்கு விற்க ஆரம்பிச்சது. நாலு சக்கரத்துக்கும் இழுவை இருக்கிற சின்ன வண்டி, கலப்பை மாட்ட ரொம்ப வசதி. அப்புறம் 1957-ல செவர்லேயும், 1959-ல ஃபோர்டும் ஃபேக்டரியிலேயே நாலு சக்கர இழுவை வச்ச பிக்கப்பைக் கொடுத்தாங்க.

ஆனா லைட் பிக்கப்புக்கு இது லேசான வேலை இல்ல. 200 கிலோ கலப்பை, முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னாடி தொங்குதுன்னு வச்சுக்கோங்க. வீல்பேஸ் 3.2 மீட்டர். கலப்பையைத் தூக்கும்போது முன் அச்சுல ஏறுறது 200 இல்ல, 275 கிலோ. பின் அச்சுல 75 கிலோ குறையும். சீசா மாதிரிதான். பின்னாடி எடை குறைஞ்சா டயர் சும்மா சுத்தும். அதனாலதான் பின்பக்கம் மணல் மூட்டை போடுறாங்க. தரையில துருத்திட்டு இருக்கிற கல்லுல மோதினா கலப்பை மடங்கிக் கொடுக்க ஸ்பிரிங் இருக்கும். இல்லேன்னா அந்த அடி நேரா சேசிஸுக்குப் போகும். முதல் பனியையே நல்லா தள்ளி ஒதுக்கணும். ஓரக் குவியல் உறைஞ்சு கல்லாயிட்டா, ஜனவரியில டிரைவ்வே பாதியாச் சுருங்கிடும்.

இனி அரசியல். 1969 பிப்ரவரியில நியூயார்க்ல பனிப்புயல். குயின்ஸ் பகுதித் தெருக்கள் பல நாள் அப்படியே கிடந்துச்சு. நகரத்துல 42 பேர் இறந்தாங்க. மேயர் லிண்ட்சே மேல அந்தக் கோபம் ரொம்ப நாள் தீரல. 1979-ல சிகாகோ மேயர் பிலாண்டிக், பனியைச் சரியா அகற்றலைங்கிற கோபத்துல கட்சியோட உள்தேர்தல்லயே ஜேன் பைர்ன்கிட்ட தோத்தார்.

இங்கேதான் நான் யோசிக்கிறேன். ரோட்டுப் பனிக்காக மேயர் பதவி போகும். டிரைவ்வே பனிக்காக யார் பதவியும் போகாது. ஆனா தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு ஆம்புலன்ஸ் வேணும்னா, அந்தக் கடைசி 20 மீட்டரும் ரோடுதான். அதைத் திறந்து வைக்கிறது பெரும்பாலும் கோடையில புல் வெட்டி, குளிர்காலத்துல பிக்கப்புல கலப்பை மாட்டுற ஒரு ஆள். காசு கொடுக்க முடியாதவங்களுக்கு, மனசு வச்சு வர்ற பக்கத்து வீட்டுக்காரர்.

உங்க தெருவுல அரசாங்கம் எங்கே நிக்குது, அக்கம்பக்கம் எங்கே ஆரம்பிக்குது? யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.