வாசலிலிருந்து வரையப்படும் வட்டம்: கொழும்புத் தமிழரின் வீடும் தரம் ஒன்று அனுமதியும்

கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்குவதையும் பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்ப்பதையும் இணைத்து எழுதியவர்கள் ஓர் அனுமானத்தைப் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்றிருக்கிறார்கள். பெயர்பெற்ற பாடசாலை ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வலயம் உண்டு, அதனுள் இருக்கும் வீட்டுக்கு விலை கூடும், வெளியே குறையும் என்பதே அது. இந்த அனுமானம் அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வந்தது. சான்ட்ரா பிளாக் 1999இல் மசசூசெட்ஸ் புறநகர்களில் ஆரம்பப் பாடசாலை எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். பரீட்சைப் புள்ளி 5 சதவீதம் உயரும் இடத்தில் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று காட்டினார். அங்கே அம்முறை செல்லும். கோடு தெருவின் நடுவே ஓடுகிறது; இந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பாடசாலைக்கு, எதிர்வீட்டுப் பிள்ளை வேறொன்றுக்கு.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படியொரு கோடு கிடையாது. கொழும்புக் கல்வி வலயம் என்பது நிருவாகப் பிரிவு மட்டுமே. பிள்ளை எங்கே சேரலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது கல்வி அமைச்சு வெளியிடும் தரம் ஒன்று அனுமதிச் சுற்றுநிருபம். அந்தச் சுற்றுநிருபத்தின் அண்மை வதிவிடப் பிரிவை இதுவரை நாம் தவறாக வாசித்து வந்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த விதி தூரத்தை அளக்கவில்லை. விண்ணப்பித்த பாடசாலைக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு வேறு எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையே எண்ணுகிறது.

வாசகத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். சுற்றுநிருபம் அவ்வப்போது திருத்தப்படுவதால், 2010களில் நிலைபெற்ற வடிவத்தையே இங்கே கொள்கிறேன். மொத்த இடங்களில் பாதி அண்மையில் வதிவோரின் பிள்ளைகளுக்கு உரியது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 சதவீதம், ஏற்கெனவே கற்போரின் சகோதரருக்கு 15 சதவீதம். எஞ்சியவை சிறு பிரிவுகளுக்குப் போகும். அண்மை வதிவிடப் பிரிவில் நூறு புள்ளிகள். அவற்றில் ஐம்பது அண்மைக்கு. மீதி வாக்காளர் இடாப்புப் பதிவு, வீட்டின் உரிமை ஆவணம், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் வேறு ஆவணங்கள் ஆகியவற்றுக்கு. இவற்றுக்கிடையிலான பங்கீடு மாறி வந்திருக்கிறது.

அந்த ஐம்பது புள்ளி எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. வீட்டை மையமாகவும், விண்ணப்பிக்கும் பாடசாலைக்கான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாகவும் கொண்டு ஒரு வட்டம் வரைய வேண்டும். அந்த வட்டத்துக்குள், ஆரம்பப் பிரிவுள்ளதும் பிள்ளை அனுமதி பெறக்கூடியதுமான வேறு அரச பாடசாலை ஒன்றும் இல்லையென்றால் ஐம்பதும் கிடைக்கும். இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி கழியும். பாடசாலை ஒரு கிலோமீற்றரில் இருக்கிறதா ஐந்து கிலோமீற்றரில் இருக்கிறதா என்பதற்குத் தனியே புள்ளி இல்லை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வாழும் சைவக் குடும்பம், மகனை ரோயல் கல்லூரியின் தமிழ் மொழிமூல வகுப்புக்கு விண்ணப்பிக்கிறது என்று கொள்வோம். வட்டத்தை வரைந்ததும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி உள்ளே விழுகிறது. ஐந்து கழிகிறது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் மேலும் கழியலாம். அதே கொழும்பு மாவட்டத்தில், ரோயலை விடக் கிட்டத்தில் தமிழ் மொழிமூலப் பாடசாலை எதுவும் இல்லாத ஒரு புறநகரில் இன்னொரு குடும்பம் வாழ்கிறது. அவர்கள் வரையும் வட்டம் பெரிது. உள்ளே சிங்கள மொழிமூலப் பாடசாலைகள் பல. ஆனால் அவற்றில் தமிழ் வகுப்பு இல்லையாகையால் ஒன்றுக்கும் புள்ளி கழியாது. தொலைவில் இருப்பவர் ஐம்பது பெற, கிட்ட இருப்பவர் நாற்பத்தைந்து பெறுகிறார். வெள்ளவத்தை வீட்டை ‘நல்ல பாடசாலைக்குக் கிட்ட’ என்று சொல்லி விற்பவரும் நம்பி வாங்குபவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே வீட்டில் மகள் இருந்தால் வட்டத்தின் உள்ளடக்கம் முழுதாக மாறும். இந்துக் கல்லூரி கணக்கிலிருந்து மறைந்து, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி உள்ளே வரும். ஒரே கூரையின் கீழ் அண்ணனுக்கும் தங்கைக்கும் ‘அண்மை’ என்பது ஒன்றாக இல்லை. வீட்டுக்கென்று ஒரு வலயம் இருந்தால் இது நடக்க முடியாது.

முந்திய ஆய்வுகளோடு எனக்கு ஆழமான முரண்பாடு எழுவது கொட்டாஞ்சேனையில். ‘அனுமதி பெறக்கூடிய பாடசாலை’ என்பதை அவை மொழிமூலம், பால் என்ற இரண்டு வடிகட்டிகளாக மட்டும் கொண்டன. மூன்றாவது வடிகட்டி ஒன்று உண்டு, அது மதம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. அப்படி மாற்றப்பட்ட பாடசாலையில், கையளிக்கப்பட்டபோது இருந்த மத விகிதாசாரத்தைக் கருத்திற் கொண்டே இடங்கள் பகிரப்பட வேண்டும் என்று அதே சுற்றுநிருபத்தின் இன்னொரு பந்தி சொல்கிறது. இரண்டு பந்திகளையும் சேர்த்து வாசித்தவரை நான் காணவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை, மருதானை வரை தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் நெருக்கமாக இருக்கின்றன. விவேகானந்தா கல்லூரி ஒருபுறம். 1884இல் தொடங்கிய ஹமீத் அல் ஹுசைனியைப் போன்ற முஸ்லிம் பாடசாலைகள் மறுபுறம். இடையிடையே கத்தோலிக்க மரபில் வந்தவை. கொட்டாஞ்சேனைச் சைவச் சிறுவன் ஒருவன் கொழும்பு ஏழிலுள்ள பாடசாலைக்கு விண்ணப்பித்தால், இவற்றில் எத்தனை அவனுக்கு எதிராக எண்ணப்பட வேண்டும்? மொழிமூலத்தை மட்டும் பார்த்தால் அத்தனையும் எண்ணப்படும்; ஐம்பது புள்ளி மளமளவென்று கரையும். மத விகிதாசாரத்தையும் பார்த்தால், அவனுக்கு உண்மையில் இடமில்லாத பாடசாலைகள் கணக்கிலிருந்து நீங்க வேண்டும்.

இரண்டாவது வாசிப்பே சரியென்பது என் துணிபு. நேர்முகப் பரீட்சைச் சபைகள் எல்லா இடத்திலும் ஒரே முறையைக் கையாள்கின்றன என்று நான் சொல்லவில்லை. வாசகத்தை வைத்தே வாதிடுகிறேன். கிட்டவே ஒரு கதவு திறந்திருக்கும்போது தொலைவில் உள்ள இடத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடு என்பதே புள்ளி கழிப்பதற்கான நியாயம். மூடிய கதவுக்காகப் புள்ளி கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை கேட்கும் சமத்துவத்துக்கும் முதல் வாசிப்பு பொருந்தாது. அனுமதி முறைமையே அந்த உறுப்புரைக்கு அமைய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2007இல் வற்புறுத்திய பின்னர், சுற்றுநிருபத்தின் ஒரு பந்தியை மற்றதிலிருந்து பிரித்து வாசிக்க இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை. மதத்தை நுழைத்தால் கணக்கு சிக்கலாகும் என்று ஒரு மறுப்பு வரக்கூடும். சிக்கல் ஏற்கெனவே சுற்றுநிருபத்தில் இருக்கிறது. நான் அதைக் கொண்டுவரவில்லை.

அண்மைப் புள்ளி இப்படி நழுவக்கூடியதென்றால், வீடு வாங்குபவர் உறுதியாகப் பெறுவது எதை? மற்ற ஐம்பதை. இங்கே காலம் நுழைகிறது. வாக்காளர் இடாப்பில் ஐந்து ஆண்டுப் பதிவு பார்க்கப்படுகிறது. உறுதி எழுதிய நாளிலிருந்து எத்தனை ஆண்டு என்பதும் புள்ளியை ஏற்றி இறக்கும். பிள்ளை சேர்வதோ ஐந்து வயது நிறைந்ததும். விண்ணப்பம் அதற்கு முந்திய ஆண்டின் நடுப்பகுதியில். முழுப் புள்ளி வேண்டுமென்றால் வீடு பிள்ளைக்கு மூத்ததாக இருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையோடு வெள்ளவத்தையில் தொடர்மாடி தேடி அலையும் பெற்றோர் தவறான ஆண்டில் தேடுகிறார்கள். பாடசாலை வயதுப் பிள்ளையுள்ள குடும்பங்களின் கொள்வனவுகளை எடுத்து விலைத் தாக்கத்தைத் தேடிய ஆய்வுகளும் அதே தவறான ஆண்டிலேயே தேடியிருக்கின்றன.

தேட வேண்டியது கலியாணப் பேச்சில். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் மகளுக்கு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு சீதனமாக எழுதுவது பரவலான வழக்கம். அதைப் பெருமை, வெளிநாட்டுப் பணம், போர்க்காலப் பாதுகாப்பு என்று விளக்கியிருக்கிறார்கள். அவை பொய்யல்ல. ஆனால் சீதன உறுதி மணநாளுக்கு முன்பே மணமகளின் பெயரில் முடிகிறது. முதற் பிள்ளை விண்ணப்பிக்கும் வேளைக்கு அந்த உறுதிக்கு வேண்டிய வயது வந்துவிடுகிறது. ‘எழுதுவோம்’ என்று சொல்லிவிட்டுத் தாய் தகப்பன் தங்கள் பெயரிலேயே வீட்டை வைத்திருந்தால், பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும் புள்ளி குறையும். உறுதி யார் பெயரில், எந்த ஆண்டில் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பதை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது, சுற்றுநிருபத்தைப் படிக்காதவர்கள் செய்யக்கூடிய தீர்ப்பு. சீதன முறையை நான் ஆதரிக்கவில்லை. ஓர் அரச விதி அதற்குப் புதிய காரணம் ஒன்றைத் தந்துகொண்டிருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்.

உறுதி இருந்தால் மட்டும் போதாது. வெள்ளவத்தையின் குறை இடாப்பில் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் இருந்தார்கள். பொலிஸில் பதிந்தார்கள், இடாப்பில் பதியவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்று வாழ்ந்தவரிடம் ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான பதிவைக் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை நம் துறை கணக்கிலெடுக்கவில்லை. இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரிலேயே வாக்காளராகத் தொடர வழிசெய்த 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நியாயமான சட்டம். ஆனால் யாழ்ப்பாண இடாப்பில் பெயரை வைத்திருந்த தகப்பன், அந்த ஆண்டுகளுக்கான புள்ளியைக் கொழும்பில் இழந்தான்.

கொட்டாஞ்சேனையில் நிலைமை தலைகீழ். அங்கே மூன்று தலைமுறையாக ஒரே முகவரியில் இடாப்பில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. கையில் உறுதி இல்லை. வாடகைக் குடியிருப்பாளர், பிரிக்கப்படாத முதுசத்தில் ஓர் அறையோடு வாழ்பவர், அரச தொடர்மாடியில் உரிமை இன்னும் மாற்றப்படாதவர் என்று அவர்கள் பலவகை. இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை குடியுரிமையே இல்லை, இடாப்பும் அதன்பின்தான். இரண்டு ஊர்களையும் ‘கொழும்புத் தமிழர்’ என்று ஒரே அட்டவணையில் போட்டால் இந்த எதிரெதிர்க் குறைகள் ஒன்றையொன்று அழித்துச் சராசரியில் காணாமற் போகின்றன.

வசதியுள்ளவர்கள் சர்வதேசப் பாடசாலைக்குப் போய்விடுகிறார்கள், ஆகவே இந்த விதிக்கு இப்போது செல்வாக்கில்லை என்பாரும் உண்டு. ஆண்டுதோறும் மேன்முறையீடுகளும் அடிப்படை உரிமை மனுக்களும் வந்துகொண்டிருக்கும்போது இதற்கு நீண்ட பதில் தேவையில்லை.

வெள்ளவத்தை வீட்டு விலையில் பாடசாலையின் பங்கைக் காண விரும்புவோர் பாடசாலை வாசலிலிருந்து தூரத்தை அளப்பதை விட வேண்டும். ஒரே தொடர்மாடியில், ஒரே பரப்பளவில், தனி வீட்டுக்கான உறுதி உடனே எழுதக்கூடிய வீட்டையும், தொடர்மாடி வீடுகளின் உடைமைச் சட்டத்தின் கீழான பதிவு முடியாமல் உறுதி தாமதிக்கும் வீட்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் எந்தப் பாடசாலையிலிருந்தும் ஒரே தூரம்; வட்டமும் ஒன்றே. விலை வேறுபட்டால், அதில் உறுதியின் காலத்துக்குக் கொடுக்கப்படும் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். கொட்டாஞ்சேனையில் அதே கேள்வியைக் காணிப் பதிவகத்தில் தொடங்கிப் பயனில்லை. அங்கே வாக்காளர் இடாப்பைத் தெருத்தெருவாக எடுத்து, பதிவுள்ள வீடுகளில் எத்தனைக்கு உறுதி இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.