வானிலிருந்து வரும் பொட்டலமும் ஊருக்குள் இருக்கும் அரிசியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைமீறியது, குளங்கள் உடைந்தன. ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து ஊர்கள் பல சாலையும் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்து தனித்து நின்றன.

திருச்செந்தூரிலிருந்து 17ஆம் தேதி இரவு சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். மற்றவர்கள் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். வானம் சற்று வெளுத்த பிறகுதான் ஹெலிகாப்டர்கள் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட முடிந்தது. அதுவரை பயணிகளின் பசியைத் தணித்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி மக்கள். தங்கள் வீடுகளைச் சுற்றியும் வெள்ளம் நிற்க, இருந்த அரிசியைத் திரட்டிப் பொங்கிப்போட்டார்கள்.

இதை மனிதநேயக் கதையாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நிவாரணக் கொள்கைக்கான அடிப்படைச் சான்றாகவே இதைக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம். துண்டிக்கப்பட்ட ஊருக்கு முதல் இரண்டு நாள் சோறு அந்த ஊருக்குள்ளிருந்துதான் கிடைக்கும். வெளியுதவியின் வேகத்தைக் கூட்டுவதிலேயே திட்டமிடல் முனைந்திருப்பதால் இந்த இரண்டு நாள் கணக்கில் வராமல் போகிறது. ஹெலிகாப்டருக்குப் பார்வைத் தெளிவு வேண்டும். ஊரைத் துண்டித்த அதே மழை அதையும் தரையில் நிறுத்திவிடுகிறது. பறந்து வந்தாலும், மொட்டைமாடியில் விழும் பொட்டலம் மாடி உள்ளவருக்கும் ஓடிப் பிடிக்கத் தெம்புள்ளவருக்குமே முதலில் போய்ச் சேரும்.

தமிழ்நாட்டில் இதற்கான மாற்று ஏற்பாட்டைப் புதிதாகக் கட்ட வேண்டியதே இல்லை. ரேஷன் கடையில் அரிசி இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் அண்டாவும் அடுப்பும், நூறு பேருக்கு உலை வைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. குறை இருப்பிடத்தில்தான். அரிசி மூட்டைகள் தரைத்தளத்தில் கிடக்கின்றன. வெள்ளம் புகுந்தால் முதலில் நனைவது அவைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது ஒரு பங்கு அரிசியையும் பருப்பையும், கூடவே எரிவாயு உருளைகளையும், பள்ளியின் மேல்தளத்தில் வைக்கலாம். தேங்கிய சரக்கு கெட்டுப்போகும், களவுபோகும் என்பார்கள். மாதந்தோறும் பழையதை விநியோகித்துப் புதியதை ஏற்றினால் எதுவும் தேங்காது. இதைவிடக் கடினமானது அதிகாரம் பற்றிய கேள்வி. தொலைபேசி செத்த இரவில் வட்டாட்சியரின் உத்தரவுக்குக் காத்திருக்க முடியாது. பூட்டைத் திறக்கும் உரிமை சத்துணவு அமைப்பாளரிடமே முன்கூட்டி எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும்.

என் வாதத்தை உண்மையில் சோதிக்கும் மறுப்பு வேறொன்று. ஊர் என்பது ஒரே மனத்தோடு இயங்குவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பங்கீட்டில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தாழ்வான நிலத்தில் அமைந்த காலனிக்குத்தான் பெரும்பாலும் தண்ணீர் முதலில் வருகிறது. பொதுச் சமையல் நடக்கும் இடமோ ஊர்ப்பக்கம் இருக்கிறது. இதை மழுப்பிவிட்டு ஊரின் ஒற்றுமையைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் இந்தக் காரணத்தைக் காட்டிப் பங்கீட்டை வெளியிலிருந்து வரும் லாரிக்கு விட்டுவிடுவதும் தீர்வாகாது. லாரி சாலை முடியும் இடத்தில் நிற்கும். அங்கிருந்து சரக்கை வாங்கிப் பிரிப்பவர்களும் அதே ஊர்க்காரர்களே. ஆகவே இருப்பு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. காலனிக்கு அருகில் உயரமான கட்டடம் இருந்தால் அங்கே தனி இருப்பு, தனி அடுப்பு, அந்தத் தெருவைச் சேர்ந்த பெண்கள் சுயஉதவிக் குழுவிடம் சாவி என்று ஏற்பாடு அமைய வேண்டும். உயரமான கட்டடம் இல்லையென்றால், அந்த ஊரில் அடுத்து எழும்பும் அரசுக் கட்டடம் அங்கேதான் வர வேண்டும்.

ரயில் பயணிகள் நிகழ்வு இன்னொன்றையும் காட்டுகிறது. அவர்களில் யாருடைய பெயரும் உள்ளூர்க் கடைப் பதிவேட்டில் இருந்திருக்காது. புதுக்குடி மக்கள் அதைப் பார்த்துச் சோறு போடவில்லை. அவசர இருப்பைத் திறக்கும் விதியிலும் குடும்ப அட்டை நிபந்தனை இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் அனைவருக்கும் பங்கு உண்டு, கணக்கைத் தண்ணீர் வடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று விதி சொல்ல வேண்டும்.