ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பும் உறைந்துபோன திரையும்

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. காய்கறி வாங்க வருகிறவர்கள், சைக்கிளை நிறுத்த இடம் தேடுகிறவர்கள் என்று எந்நேரமும் கூட்டம்தான். அந்தப் பெயருக்குரிய ஆனந்தரங்கப்பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி. 1736 செப்டம்பர் தொடங்கி 1761 வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் துய்ப்ளெக்ஸ் யாரிடம் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி... எதையும் விடவில்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் நகரம் வீழ்ந்தது. அதே மாதத்தில் பிள்ளையும் காலமானார்.

ஓர் ஆட்சி ஏன் கவிழ்ந்தது என்று பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்தபோது கையில் கிடைத்த முக்கியமான சான்றுகளில் ஒன்று இந்த நாட்குறிப்பு. கணினிக்காரர்களின் மொழியில் சொன்னால், இது ஒரு 'லாக்'. விழுவதற்கு முன் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லும் பதிவு.

லாக் என்ற சொல்லே கப்பலிலிருந்து வந்ததுதான். கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசிக் கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அளவை எழுதிவைத்த புத்தகம் லாக் புக் ஆனது. லினக்ஸ் கணினியில் திரை திடீரென்று உறைந்து, பட்டை மறைந்து, சாளரங்களெல்லாம் காணாமல் போகும்போது முதலில் தேடவேண்டியதும் இந்தப் புத்தகத்தைத்தான்.

வழு என்றால் என்ன?

1947 செப்டம்பர் 9. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். 'பக்' என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே தாமஸ் எடிசன் தன் கருவிகளின் கோளாறுகளை அப்படித்தான் குறிப்பிட்டார்.

தமிழ்க் கணிமைக்காரர்கள் இதற்குத் தேர்ந்த சொல் 'வழு'. இது இலக்கணத்திலிருந்து வந்த சொல். தமிழ் இலக்கணம் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று சொல்கிறது. பிழையில்லாதது வழாநிலை. பிழையானது வழு. பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் கருதி ஏற்கலாம் என்றால் வழுவமைதி. மென்பொருள் உலகில் மூன்றாவதற்குத்தான் பஞ்சமே இல்லை!

ஒரு திரை, பல ஆட்கள்

லினக்ஸில் திரைமேசை என்பது ஒரே நிரல் அல்ல. அடியில் காட்சி வழங்கி. 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ், 1987-இல் எக்ஸ் 11 ஆகிப் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தது. அதன்மேல் சாளர மேலாளர், அதன்மேல் பட்டை, பட்டிகள், கோப்பு மேலாளர். இவற்றை ஒரே குடும்பமாக்கும் முயற்சியாக 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிக் கே.டி.இ.யை அறிவித்தார். அடுத்த ஆண்டு மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மெனாவும் க்னோமைத் தொடங்கினர்.

இந்த அடுக்கு தெரிந்தால்தான் வழுவைத் துரத்த முடியும். பட்டை மட்டும் போய்விட்டால் அந்த ஒரு நிரலில் கோளாறு. எல்லாமே போய் மீண்டும் கடவுச்சொல் கேட்கிறது என்றால் எக்ஸோ, காட்சி அட்டையின் இயக்கியோ விழுந்திருக்கிறது. சுட்டியும் அசையவில்லை, கன்ட்ரோல் ஆல்ட் எஃப் 1 அழுத்தினாலும் கறுப்புத் திரை வரவில்லை என்றால் கருனியையே சந்தேகிக்க வேண்டும்.

2000-களில் கல்லூரி விடுதிகளில் கைமாறிய வைத்தியம் ஒன்று உண்டு. கறுப்புத் திரைக்குப் போய், முகப்பு அடைவில் மறைந்திருக்கும் கே.டி.இ. அமைப்பு அடைவின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் நுழைவது. அமைப்புகள் புதிதாக உருவாகும், திரை வந்துவிடும். நோய் போய்விடும், ஆனால் நோய் என்னவென்று தெரியாமலே போய்விடும். அடைவை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றியவர்களுக்குச் சான்றாவது மிஞ்சியது.

இறந்தவன் நெஞ்சில் இருந்தது

நிரல் விழும் கணத்தில் அதன் நினைவகத்தில் இருந்ததை அப்படியே கோப்பாக எழுதலாம். இதற்குப் பெயர் கோர் டம்ப். பழைய கணினிகளில் நினைவகம் சின்னச் சின்னக் காந்த வளையங்களால் ஆனது. அந்த வளையங்களின் பெயர் கோர். வளையங்கள் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கோப்பைப் படிக்க 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய கருவிதான் ஜி.டி.பி. விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று படிப்படியாகக் காட்டும். கே.டி.இ. இதை ஒரு பொத்தானுக்குப் பின்னால் வைத்தது. நிரல் செத்தால் 'டாக்டர் கோன்க்வி' என்ற சாளரம் தோன்றும். கோன்க்வி, கே.டி.இ.யின் சின்னமான பச்சை டிராகன். டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை அறிக்கை தருவார்.

ஆனால் பல சமயம் அந்த அறிக்கையில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசையாக இருந்தன. வழங்கல்கள் இடத்தை மிச்சப்படுத்தச் செயற்கூறுகளின் பெயர்களை நீக்கிவிடுகின்றன. பெயர்கள் வேண்டுமென்றால் தனிப் பொதிகளை இறக்க வேண்டும். உபுண்டுவின் குறுந்தகடுகள் 2005 முதல் 2011 வரை தபாலில் இலவசமாக வந்தன. ஆனால் பிழை தேடும் பொதிகள் தபாலில் வராதே! மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த இணையத்தில் அவற்றை இறக்குவது சாமானியமல்ல.

2008: எல்லோர் திரையும் விழுந்த ஆண்டு

2008 ஜனவரி 11-இல் கே.டி.இ. 4.0 வெளியானது. பிளாஸ்மா என்ற புதிய திரைமேசை. ஏறத்தாழ எல்லாமே மறுபடி எழுதப்பட்டவை. பார்க்க அழகு, ஆனால் அடிக்கடி விழுந்தது. 3.5-இல் இருந்த பல வசதிகள் காணோம். இது முன்னோடிகளுக்கான பதிப்பு, எல்லோருக்குமானதல்ல என்று உருவாக்குநர்கள் விளக்கினர். மேலே சொன்ன வழுவமைதி இதுதான். பயனர்கள் ஏற்கவில்லை. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே தான் க்னோமுக்கு மாறிவிட்டதாக 2009-இல் சொன்னார். 2011-இல் க்னோம் 3 வந்தபோது அதையும் திட்டிவிட்டு எக்ஸ்.எஃப்.சி.இ.க்குப் போனது தனிக்கதை.

இருந்தும் பிளாஸ்மா பிழைத்துக்கொண்டது. பொறுமையாக டாக்டர் கோன்க்வியின் அறிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருந்தவர்களும், அவற்றைப் படித்துத் திருத்தியவர்களும்தான் காரணம். 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தது.

தமிழால் விழும் நிரல்

இதுவரை சொன்னது உலகம் முழுவதற்கும் பொது. தமிழருக்கென்று தனியாக ஒரு வழு வரலாறும் இருக்கிறது.

கே.டி.இ.யைத் தமிழாக்கும் தன்னார்வப் பணி 2000 வாக்கில் தொடங்கியது. அது திஸ்கி எழுத்துருக்களின் காலம். பின்னர் ஒருங்குறிக்கு மாறியபோது புதிய சிக்கல் வந்தது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். நினைவகத்திலோ ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்தது. திரையில் இவற்றை இடம் மாற்றி வைக்கத் தனி இயந்திரம் தேவை. 2002-இல் க்னோம் 2.0 பாங்கோ என்ற நிரலகத்தோடு வந்தது. கே.டி.இ. சார்ந்திருக்கும் க்யூட்டி, 2003-இல் 3.2 பதிப்பில் இந்திய எழுத்துகளைக் கையாளத் தொடங்கியது. இப்போது இரு தரப்புமே ஹார்ஃப்பஸ் என்ற பொது நிரலகத்தை நம்பியிருக்கின்றன. எழுத்தைக் கோக்கும் வேலையில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளை வரிசையாக விழவைத்தது.

இதைவிட நுட்பமானது மொழிபெயர்ப்பு வழு. 'இத்தனை கோப்புகள் இந்த அடைவில்' என்பது ஆங்கிலத்தின் வரிசை. எண்ணுக்கு ஓர் இடக்குறி, பெயருக்கு ஓர் இடக்குறி. தமிழில் இது தலைகீழாகும்: 'இந்த அடைவில் இத்தனை கோப்புகள்'. மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழில் எழுதி இடக்குறிகளையும் இடம் மாற்றிவிடுகிறார். நிரலுக்கு அது தெரியாது. 12 என்ற எண்ணை எடுத்து, அதை நினைவகத்தில் பெயர் இருக்கும் முகவரி என்று நினைத்து அங்கே போய்ப் பார்க்கிறது. அங்கே போக அனுமதி இல்லை. நிரல் செத்துவிடுகிறது. சி மொழியில் எழுதிய க்னோம் நிரல்களில் இந்த ஆபத்து உண்டு. இடக்குறிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் கே.டி.இ. முறையில் குறைவு. தீர்வும் எளிது. இடக்குறியோடு 'இது இரண்டாவது', 'இது முதலாவது' என்று எண் சேர்த்துவிட வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும்போதே இதைச் சோதித்துச் சொல்லும் வசதி குனூ கெட்டெக்ஸ்ட் கருவியில் இருக்கிறது.

ஆக, தமிழைத் தமிழாக எழுதியதற்கே ஒரு நிரல் விழக்கூடும்!

புதுச்சேரிக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு பகுதிகள். தமிழ், மலையாளம், தெலுங்கு, போதாததற்குப் பிரெஞ்சு. பிரெஞ்சு வழக்கில் ஒன்றரையை எழுதும்போது புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். புள்ளியை மட்டுமே எதிர்பார்க்கும் நிரல் அதை 'ஒன்று' என்று படித்து அரையை விட்டுவிடும். ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் இத்தனை விதமாக ஒரு திரை தடுமாற வாய்ப்பிருக்கிறது.

'சி' என்னும் சமாதானம்

இந்த வகை வழுவைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு. முனையத்தில் மொழி அமைப்பை 'சி' என்று மாற்றி, அதாவது மொழிபெயர்ப்பே இல்லாமல், நிரலை இயக்கிப் பார்ப்பது. இப்போது விழவில்லை என்றால் குற்றவாளி மொழிபெயர்ப்பு அல்லது எழுத்துக் கோப்பு.

கெட்டிக்கார உத்திதான். ஆபத்தும் இங்கேதான். ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் அப்படியே ஆங்கிலத்தில் இருந்துவிடுகிறார்கள். வழு யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. அடுத்து தமிழைத் தேர்பவருக்கும் அதே திரை விழுகிறது; அவரும் ஆங்கிலத்துக்குப் போகிறார். கடைசியில் 'தமிழில் யாரும் பயன்படுத்துவதில்லை' என்ற பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்ற அரசு முயற்சிகளுக்கும் இது பொருந்தும். தமிழ் முகப்பைத் தருவது ஒரு வேலை. அதைப் பயன்படுத்தி, விழுந்ததைச் சொல்ல ஆள் இருப்பது வேறு வேலை.

அப்படிச் சொல்லும் ஆட்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதுகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் உண்டு. பக்கத்திலுள்ள விழுப்புரத்தில் 2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர்களின் மினி டெப்கான்ஃப் நடந்தது.

வழு அறிக்கைக்கு வேண்டியவை நான்குதான். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது விழுந்தது, மறுபடி செய்தால் மறுபடி விழுகிறதா, பதிவின் கடைசி வரிகள் என்ன. இவற்றோடு 'மொழி: தமிழ்' என்று ஐந்தாவதாக ஒரு வரி. உலகின் வழுப் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் கணினியைத் தொடும் பாட்டிக்கும் தம்பிக்கும் அங்கே போய்ப் பேசத் தெரியாது. அவர்கள் பார்த்ததை அந்தப் பக்கத்துக்கு எடுத்துச் சொல்ல இரு மொழியும் தெரிந்த ஓர் ஆள் தேவை.

இரு மொழி தெரிந்தவருக்குப் புதுச்சேரியில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: துபாஷி. ரங்கப்பிள்ளை பகலில் கவர்னருக்குத் துபாஷியாக இருந்தார், நடந்ததைத் தமிழில் எழுதியும் வைத்தார். அந்த இரண்டு வேலைகளும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.