கோவைக்கு உரியவர் யார்?
அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் பதிவேடுகள்: ஒரு சட்டத்தின் வரலாறு

1974 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 9 ஆந் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதி றிச்சட் நிக்சன் பதவி துறந்தார். பன்னிரண்டு நாள்கள் கழிந்து, அவரிடத்தில் அமர்ந்த ஜெரல்ட் போட் நீண்டதொரு கல்வித் திருத்தச் சட்டத்திற் கையொப்பமிட்டார். வோட்டர்கேற் விவகாரத்தின் ஆரவாரம் அடங்காதிருந்த அவ்வேளையில் அச்சட்டத்தின் ஒரு மூலையில் இடம்பெற்றிருந்த பிரிவொன்றைக் கவனித்தோர் மிகச் சிலரே. ‘குடும்பக் கல்வி உரிமைகளும் அந்தரங்கமும் பற்றிய சட்டம்’ என்பது அப்பிரிவின் பெயர். அது மாணவனுக்கு இரண்டு உரிமைகளை வழங்கிற்று. கல்லூரி தன்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதைத் தானே பார்க்கும் உரிமை ஒன்று. தன் சம்மதமின்றி அது பிறர் கைக்குச் செல்லாதிருக்கும் உரிமை மற்றையது. முதலாவதே சட்டத்தின் உயிர்நிலை. ஆயினும் அரைநூற்றாண்டு நடைமுறையில் இரண்டாவதே செழித்து வளர்ந்தது. அதுவும் மாணவனின் கேடயமாகவன்றிப் பெரும்பாலும் நிறுவனத்தின் கேடயமாகவே வளர்ந்தது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்ததென்பதை அறிய, மாணவர் கோவை உருவான காலத்திற்குச் சற்றுப் பின்செல்லுதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவிற் கல்லூரி நிருவாகம் நெடுங்காலம் பெற்றோரின் இடத்தில் இருப்பதாகவே கருதப்பட்டது. 1913 இல் கென்ரக்கி மாநில நீதிமன்றம் பெரியா கல்லூரி தொடர்பான வழக்கொன்றில் இக்கொள்கையை வெளிப்படையாகவே உறுதிப்படுத்திற்று. மாணவர் இன்ன உணவுச்சாலைக்குச் செல்லலாகாது என விதிக்கும் அதிகாரமும் கல்லூரிக்கு உண்டென்பது அவ்வழக்கின் முடிவு. தந்தையின் இடத்தில் இருப்பவர் பிள்ளையைப் பற்றி என்ன எழுதினாலும் அதனைப் பிள்ளைக்குக் காட்டவேண்டிய கடப்பாடு இல்லையன்றோ! 1920களின் பிற்பகுதியில், கல்விக்கான அமெரிக்கப் பேரவை தொடர்பதிவு அட்டைகளைத் தயாரித்துப் பரப்பியது. புள்ளிகளை மட்டும் காட்டிய பழைய பதிவேடு அதன்பின் மாணவனின் குணம், குடும்பம், உடல்நலம், மனநிலை, நடத்தை என அனைத்தையும் விழுங்கும் கோவையாக விரிவுற்றது. மாணவனை முழுமையாக அறிந்து வழிகாட்டுவதே நோக்கம் எனப்பட்டது. அந்நோக்கத்தைப் பொய்யெனத் தள்ளிவிடல் நேர்மையாகாது. எனினும், வழிகாட்டப்படுபவன் தன்னைப் பற்றிய வழிகாட்டிக் குறிப்பை மட்டும் காணமுடியாதிருந்தான்.

பெற்றோரின் இடத்திற் கல்லூரி என்னும் கொள்கை 1961 இல் ஆட்டங்கண்டது. முந்திய ஆண்டில் மொன்ற்கொமறி நகரில் நிறவேற்றுமையை எதிர்த்து உணவுச்சாலை மறியலில் ஈடுபட்ட கறுப்பின மாணவர் சிலரை அலபாமா மாநிலக் கல்லூரி விசாரணையின்றி வெளியேற்றியது. குற்றச்சாட்டை முன்னறிவித்து மறுமொழி கூற வாய்ப்பளிக்காது அரசாங்கக் கல்லூரி எவரையும் வெளியேற்றலாகாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் கல்லூரியின் பிள்ளையல்லர், உரிமையுடைய குடிமகன் என்னும் கருத்து இத்தீர்ப்புடன் வேரூன்றியது எனலாம்.

ஆயினும் கோவையின் அபாயத்தைக் கண்கூடாகக் காட்டியது வியற்நாம் யுத்தமே. 1966 இல், கட்டாயப் படைச்சேவைக்கு ஆள் எடுக்கும் சபைகள் மாணவரின் வகுப்புத் தரவரிசையைக் கொண்டு எவருக்கு விலக்களிப்பது என்று தீர்மானிக்க முற்பட்டன. பதிவாளர் அலுவலகத்து இலக்கம் ஒன்று இளைஞன் யுத்தகளம் செல்வதா விரிவுரை மண்டபம் செல்வதா என்பதைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. அவ்வாண்டு மே மாதத்திற் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர் நிருவாகக் கட்டடத்தினுள் அமர்ந்து இதனை எதிர்த்தனர். ஆகஸ்ற் மாதத்தில், அமெரிக்காவுக்கு மாறான செயல்களை ஆராயும் பிரதிநிதிகள் சபைக் குழு, யுத்த எதிர்ப்பு மாணவர் சங்கங்களோடு தொடர்புடையோரின் பெயர்களைக் கேட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கட்டளை அனுப்பியது. பல்கலைக்கழகம் அவற்றைக் கொடுத்துவிட்டது. நிருவாக வசதிக்கெனப் பதிந்த பெயர்கள் அரசியல் வேட்டைக்குரிய பட்டியலாயின. 1967 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் முதலிய அமைப்புக்கள் இணைந்து வெளியிட்ட மாணவர் உரிமைக் கூற்று, மாணவரின் அரசியற் செயல்களையோ நம்பிக்கைகளையோ காட்டும் பதிவேடு எதுவும் வைத்தலாகாது என்றும், கல்விப் பதிவும் ஒழுக்காற்றுப் பதிவும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்றும் கூறியதன் பின்னணி இதுவே.

வியப்பு யாதெனின், 1974 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கல்லூரிப் போராட்டங்களின் நேர்ப்பிள்ளையன்று. அதன் தாய்வீடு பாடசாலை. நியூயோர்க் மாநிலத்தில் ஒரு தந்தை தன் மகனின் பாடசாலைப் பதிவேட்டைப் பார்க்க வழக்காடியே உரிமை பெறவேண்டியிருந்தது (1961). றசல் சேஜ் நிறுவனம் கூட்டிய அறிஞர் மாநாட்டின் பயனாக 1970 இல் மாணவர் பதிவேடுகளுக்கான நெறிமுறைகள் வெளிவந்தன. பின்னர், இரகசியப் பாடசாலைக் குறிப்புகள் பிள்ளைகளுக்கு விளைக்கும் தீங்கினைப் பத்திரிகைக் கட்டுரைகள் மக்களிடம் கொண்டுசென்றன. நியூயோர்க் மாநிலத்தின் செனற்றர் ஜேம்ஸ் பக்லி 1974 மே மாதத்திற் செனற் சபையில் நேரடியாக ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அவர் இடதுசாரியல்லர், பழைமைக் கட்சியின் வேட்பாளராகத் தெரிவானவர். அரசின் கை குடும்பத்துள் நீள்வதை வெறுத்தவர். மாணவர் இயக்கத்தின் வேட்கையை அதன் எதிரணியில் நின்ற ஒருவர் நிறைவேற்றியது வரலாற்றின் விளையாட்டுக்களுள் ஒன்று. குழுநிலை விசாரணை எதுவும் நடைபெறவில்லை. கல்லூரிகளிடம் எவரும் கருத்துக் கேட்கவுமில்லை. ஆயினும், மத்திய அரசின் கல்விநிதி பெறும் எந்நிறுவனத்துக்கும் இது பொருந்தும் என்றும், பதினெட்டு வயதை எய்தியவரோ கல்லூரியிற் சேர்ந்தவரோ பெற்றோரின் உரிமைகளைத் தாமே பெறுவர் என்றும் சட்டம் கூறிற்று. மூன்றாண்டுகளின் முன்பு, 1971 இல், பதினெட்டு வயதினர் வாக்குரிமை பெற்றிருந்தமையும் இவ்விடத்து நோக்கற்பாலது.

சட்டம் நவம்பர் 19 இல் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில்தான் கல்லூரிகள் விழித்துக்கொண்டன. அவற்றை அச்சுறுத்தியது புள்ளிப் பட்டியலன்று, சிபாரிசுக் கடிதம். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின்பேரில் ஆசிரியர் எழுதிய கடிதங்களை இனி மாணவன் வாசிப்பான் என்றால் உண்மையை எவர் எழுதுவார் என்பது அவற்றின் முறைப்பாடு. இவ்வாதத்தில் நியாயமில்லாமலில்லை, வாக்குறுதியை நம்பி எழுதியவரைப் பின்னாளிற் காட்டிக்கொடுத்தல் முறையன்று. ஆனால் மாணவனின் எதிர்காலத்தை நிருணயிக்கும் சொற்கள் அவன் முன்னிலையிற் சொல்லத் தகாதனவாயின், அவை எத்தகைய உண்மை என்ற வினாவும் எழுகின்றது. பக்லியும் றோட் ஐலண்ட் மாநிலச் செனற்றர் கிளேபோர்ன் பெல்லும் இணைந்து கொணர்ந்த திருத்தம் டிசெம்பர் 31 இற் சட்டமாகிச் சமரசம் கண்டது. 1975 ஜனவரி 1 இன் முன் வைக்கப்பட்ட இரகசியக் கடிதங்களும், பெற்றோரின் நிதிநிலைப் பத்திரங்களும் மாணவனுக்குக் காட்டவேண்டாதனவாயின. மருத்துவரின் சிகிச்சைக் குறிப்புகளும் ஆசிரியர் தம் கைவசம் மட்டும் வைத்திருக்கும் நினைவுக் குறிப்புகளும் கல்விப் பதிவு என்ற வரையறையினின்றே விலக்கப்பட்டன. புதிய கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மாணவன் தானே எழுத்தில் விட்டுக்கொடுக்கவும் வழி செய்யப்பட்டது. அவ்வாறு விட்டுக்கொடுக்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது எனச் சட்டம் விதித்தது உண்மையே. எனினும், கையொப்பமிடாத விண்ணப்பம் ஐயத்துடன் நோக்கப்படுமோ என்ற அச்சத்தில், கையொப்பமிடுதலே வழக்கமாயிற்று.

மீந்த உரிமை அற்பமன்று. மாணவன் கேட்டு 45 நாள்களுக்குள் நிறுவனம் பதிவேட்டைக் காட்டுதல் வேண்டும். பிழையானதைத் திருத்தக் கோரலாம். மறுக்கப்படின் விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்பின் தன் மறுமொழியைக் கோவையிற் சேர்க்கலாம். ஆசிரியர் வழங்கிய புள்ளி தகுமா தகாதா என வாதாட மட்டும் இது இடமளிப்பதில்லை.

பின்வந்த காலத்திற் சட்டத்தின் மறுபக்கமே மேலெழுந்தது. தென்மேற்கு மிசூறி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை ஆசிரியர் வளாகக் குற்றச் சம்பவ அறிக்கைகளைக் கேட்டபோது, அந்தரங்கச் சட்டத்தைக் காட்டி நிருவாகம் மறுத்தது. அவை கல்விப் பதிவுகள் அல்ல என 1991 இல் நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு காங்கிரசும் சட்டத்தைத் திருத்திற்று. 2001 இல், பயங்கரவாதம் தொடர்பான விசாரணைக்கென நீதிமன்றக் கட்டளையோடு பதிவேடுகளைப் பெற அரசுக்கு வழி திறக்கப்பட்டது. மிச்சிகனின் நினைவு உடையோர்க்கு அது புதிதாகத் தோன்றியிராது. 2007 ஏப்ரிலில் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனைப் பற்றிய கவலைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளச் சட்டம் இடந்தராது என்று உத்தியோகத்தர் பிழையாக எண்ணியிருந்தமையை விசாரணைக் குழு கண்டறிந்தது. உண்மையிற் சட்டம் அத்துணை இறுக்கமானதன்று. மறைப்பதே பாதுகாப்பு என்னும் அலுவலக மனப்பாங்கு சட்டத்தையும் விஞ்சி வளர்ந்திருந்தது.

இதனினும் முக்கியமானது 2002 ஆம் ஆண்டின் கொன்சாகா வழக்கு. ஆசிரியராக விரும்பிய கொன்சாகாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைப் பற்றிச் செவிவழிக் கேட்ட குற்றச்சாட்டொன்றைப் பல்கலைக்கழக உத்தியோகத்தர் அவர் பெயருடன் மாநில ஆசிரியர் சான்றளிப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தார். நன்னடத்தைச் சான்று மறுக்கப்பட்ட பின்னரே மாணவர் நடந்ததை அறிந்தார். யூரர் சபை பெருந்தொகை நட்டஈடு விதித்தது. உயர் நீதிமன்றமோ, அந்தரங்கச் சட்டம் மீறப்பட்டதற்கென வழங்கிய பகுதி செல்லாது எனத் தீர்த்தது. இச்சட்டம் நிறுவனத்துக்கு நிதி வழங்குவதற்கான நிபந்தனையேயன்றி, மாணவன் வழக்காடக்கூடிய உரிமையன்று எனப் பிரதம நீதியரசர் றென்குயிஸ்ற் எழுதினார். எனவே மீறலுக்கான தண்டனை நிதியை நிறுத்துவது மட்டுமே. அவ்வாறு நிதியிழந்த கல்லூரி எதுவுமில்லை. 1974 இற் கோவை மாணவனுக்குரியது எனத் தோன்றியது. 2002 இல் அது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சரக்காகிவிட்டது.

முதலாவது உரிமை முற்றாக இறந்துபோகவில்லை என்பதை 2015 ஜனவரி காட்டியது. ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவர் செய்தியிதழ் ஒன்று, அனுமதிக் குழுவினர் எழுதிய மதிப்பீடுகளையும் இச்சட்டத்தின்கீழ்ப் பார்க்கலாம் எனச் சக மாணவர்க்கு எடுத்துக் கூறிற்று. அனுமதி பெற்றுக் கற்போர்க்கே இது பொருந்தும், நிராகரிக்கப்பட்டோர்க்கு அவ்வுரிமையில்லை. நாடெங்கும் பல கல்லூரிகளில் விண்ணப்பங்கள் குவிந்தன. தம்மை ஏற்றவர்கள் தம்மைப் பற்றி என்ன எழுதினர் என்பதை மாணவர் முதன்முறையாக வாசித்தனர். பார்க்கக் கேட்கப்பட்ட பதிவேட்டை அழித்தலாகாது என்பது சட்டம். எவரும் கேட்காத பதிவேட்டைப் பேணிவைக்குமாறு அது பணிப்பதில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் யேல் சட்டக் கல்லூரி தன் அனுமதி மதிப்பீட்டுக் குறிப்புகளை அழித்துவிட்டமை தெரியவந்தது.