பானகமும் பஞ்ச்சும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் அங்கத்தினர்கள் வசிக்கும் எல்லா நகரங்களிலும் விருந்துகளுக்குப் பஞ்சமில்லை. அலுவலக ஆண்டு விழா, காலனியின் புத்தாண்டுக் கொண்டாட்டம், பிள்ளைகளின் சிநேகிதர்கள் கூடும் பார்ட்டி என்று வரிசையாக வரும். அங்கெல்லாம் மது அருந்தாதவர்களுக்கென்று ஒரு மூலையில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் சிவப்பாக ஒரு பானம் இருக்கும். 'ஃப்ரூட் பஞ்ச்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதை எடுத்துக்கொள்பவருக்கு ஒரு சங்கோசம், உபசரிப்பவருக்கு ஒரு மன்னிப்புக் கேட்கும் பாவனை. அசல் பஞ்ச் மதுவுடன்தான் இருக்க வேண்டும், இது ஏதோ குறைபட்ட நகல் என்ற எண்ணமே இதற்குக் காரணம். பஞ்ச்சின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பது புலப்படும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது குத்துச்சண்டை பஞ்ச்சும் அல்ல, ரஜினிகாந்த் படத்து 'பஞ்ச்' வசனமும் அல்ல. குடிக்கும் பஞ்ச்.

பெயர் வந்த கதை

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் எழுதப்பட்டது லண்டனில் அல்ல. சோழமண்டலக் கடற்கரையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1632 செப்டம்பர் 28 அன்று தம் சகா ஒருவருக்கு எழுதிய கடிதத்தில்தான் 'பஞ்ச்' வருகிறது. சென்னைப் பட்டணம் பிறந்தது 1639இல். அதற்கும் 7 ஆண்டுகள் முந்தைய சங்கதி இது.

1638இல் சூரத் நகரில் ஆங்கிலேயரின் விருந்தினராகத் தங்கிய ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, அவர்கள் அருந்திய இத்தகைய பானத்தை வர்ணிக்கிறார். சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகியவை அதில் சேர்ந்தன. 1672 முதல் சுமார் பத்தாண்டுகள் இந்தியாவிலும் பாரசீகத்திலும் சுற்றிய ஜான் ஃப்ரையர் என்ற கம்பெனி மருத்துவர் தம் நூலை 1698இல் வெளியிட்டார். ஹிந்துஸ்தானி மொழியில் ஐந்து என்று பொருள்படும் சொல்லே இதன் பெயர் என்றும், ஐந்து பொருள்கள் சேர்வதால் அந்தப் பெயர் வந்தது என்றும் அதில் எழுதினார். நம் பஞ்சாமிர்தம், பஞ்சகவ்யம், பஞ்சாங்கம் ஆகியவற்றின் அதே 'பஞ்ச'தான்.

1886இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியும் இந்த விளக்கத்தையே வழக்கில் உள்ளதாகக் கூறி, சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, வாசனைச் சரக்கு, தண்ணீர் என்று ஐந்தையும் பட்டியலிடுகிறது. இதன் ஆசிரியர்களில் ஒருவரான ஏ.ஸி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையில் உள்ள சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880இல் அட்டவணை வெளியிட்ட அதே பர்னெல்.

எதிர்வாதமும் உண்டு. மண்டெல்ஸ்லோ சொன்னது நாலு பொருள்தானே, ஐந்தாவது எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கப்பலில் மது ஏற்றிச் செல்லும் 'பஞ்சன்' என்ற பீப்பாயின் பெயரே சுருங்கி 'பஞ்ச்' ஆயிற்று என்பது அவர்கள் கட்சி. அந்தக் காலத்து ஆங்கில உச்சரிப்பு 'புஞ்ச்' என்பதை ஒத்திருந்தது, 'பஞ்ச'வுக்கு அது பொருந்தாது என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. ஆனால் பெயர் எப்படி வந்திருந்தாலும், ஆதி காலத்துக் குறிப்புகள் பலவும் இந்தியத் துறைமுகங்களிலிருந்தே வருகின்றன. எலுமிச்சை, கரும்புச் சர்க்கரை, வாசனைச் சரக்கு எல்லாம் இங்கே கடைவீதியில் மலிவாகக் கிடைத்தவை. ஐரோப்பாவிலிருந்து வந்த பீரும் ஒயினும் நீண்ட கடற்பயணத்தில் கெட்டுப்போகவும், உள்ளூர்ச் சாராயத்தின் முரட்டுத்தனத்தைக் குறைக்க இவற்றைக் கலந்தார்கள். அதாவது, சுவை தந்தது மற்ற நாலும். சாராயம் அந்த நாலின் தயவில் தொண்டைக்குள் இறங்கியது!

இரண்டு மருத்துவர்களின் சாட்சியம்

இந்தப் பானத்தைப் பற்றி எழுதியவர்களில் இருவர் மருத்துவர்கள். ஃப்ரையர் இதை உடலைத் தளர்த்தும் பானம் என்றே குறிப்பிடுகிறார். 1660களில் வங்காளத்துக்குச் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே இதை 'பூல்பாஞ்ஜ்' என்கிறார். 'பௌல் ஆஃப் பஞ்ச்' என்பதன் திரிபு அது. கறுப்புச் சர்க்கரையில் வடித்த சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மேலே கொஞ்சம் துருவிய ஜாதிக்காய் என்று செய்முறை சொல்கிறார். வாய்க்கு நன்றாக இருக்கும், உடம்புக்குக் கேடு என்பது அவர் கருத்து. வங்காளத்தில் டச்சு, ஆங்கிலேய ஊழியர்கள் ஏராளமாக மாண்டதையும், பிறகு மேலதிகாரிகள் இந்தக் குடியைக் கட்டுப்படுத்தியபின் சாவு குறைந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். காலராவும் மலேரியாவும் அந்தச் சாவுகளில் பெரும்பங்கு வகித்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஐந்தில் எது வேண்டாதது என்று அந்தக் காலத்திலேயே கண்ணால் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்துப் பாரம்பரியம்

பழரசம் கலந்த பானம் இந்த நாட்டில் வெள்ளைக்காரர் வருகைக்கு வெகு காலம் முந்தையது. பௌத்த பிக்ஷுக்களின் ஒழுங்குமுறைகளைக் கூறும் விநய பிடகத்தின் மகாவக்கப் பகுதியில், மாம்பழம், நாவல், வாழை, திராட்சை, ஃபால்ஸா முதலியவற்றால் ஆன எட்டுப் பானங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. வட இந்திய நகரங்களில் கோடையில் தள்ளுவண்டியில் விற்கும் அதே ஃபால்ஸாதான். மதுவைத் தவிர்க்க வேண்டிய பிக்ஷுக்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பானப் பட்டியல் இருந்திருக்கிறது.

நம் வீட்டு ஸ்ரீராமநவமிப் பானகத்தை எடுத்துக்கொள்வோம். வெல்லம், தண்ணீர், எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய். எண்ணிப் பாருங்கள், ஐந்து! குண்டூர் மாவட்டம் மங்களகிரி மலைமேல் உள்ள பானகால நரசிம்ம ஸ்வாமிக்கு நைவேத்தியமே பானகம்தான். பெருமாளின் திருவாயில் பானகத்தை வார்த்து, மீதியைப் பிரசாதமாகத் தருகிறார்கள்.

இதைவிட ருசிகரமான விஷயம் ஒன்று உண்டு. காஷ்மீரத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபிநவகுப்தர், அவரைத் தொடர்ந்து காவியப்பிரகாசம் இயற்றிய மம்மடர் போன்ற அலங்கார சாஸ்திர மேதைகள், காவியத்தில் ரசம் எப்படிப் பிறக்கிறது என்பதை விளக்க 'பானக ரச நியாயம்' என்ற உவமையைக் கையாண்டார்கள். சர்க்கரை, மிளகு முதலிய பொருள்கள் தனித்தனிச் சுவையுள்ளவை. பானகமாகக் கலந்தபின் எந்த ஒன்றும் தனியே தெரியாமல் புதியதொரு சுவை உண்டாகிறது. காவிய ரசமும் அத்தகையதே என்பது கருத்து. நல்ல பஞ்ச்சுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் ஏது? அவர்கள் உவமையாக எடுத்த கலவையில் மது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மேல்நாட்டில் மது விலகிய கதை

இந்தியத் துறைமுகங்களிலிருந்து பஞ்ச் இங்கிலாந்துக்குப் போய்ப் பிரபலமாயிற்று. அங்கிருந்து அமெரிக்கா சென்றது. 1832இல் இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் நகரில் ஜோசப் லைவ்ஸி முதலியோர் பூரண மதுவிலக்குப் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டபின் அந்த இயக்கம் வேகமாகப் பரவியது. ஆனால் பழச்சாற்றைக் கெடாமல் வைப்பது எப்படி என்ற கேள்வி இருந்தது. ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று தானே மது ஆக்கிவிடும். கடற்படைக்கு அனுப்பிய எலுமிச்சைச் சாற்றில் ரம் ஊற்றியே பாதுகாத்தார்கள். 1867இல் ஸ்காட்லாந்தின் லாக்லன் ரோஸ், மது சேர்க்காமல் சர்க்கரையைக் கொண்டு எலுமிச்சைச் சாற்றைப் பாதுகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1869இல் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், பாஸ்டரின் முறைப்படி திராட்சைச் சாற்றைச் சூடாக்கி, புளிக்காத சாற்றைப் பாட்டிலில் அடைத்தார். சர்ச்சில் ஒயினுக்குப் பதிலாக வழங்குவதற்கே அவர் அதைச் செய்தார்.

அமெரிக்க ஜனாதிபதி ரூதர்ஃபோர்டு ஹேய்ஸ் (1877-1881) காலத்தில் வெள்ளை மாளிகை விருந்துகளில் மது கிடையாது. அவர் மனைவி லூஸிக்குப் பிற்காலத்தில் 'லெமனேட் லூஸி' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. விருந்தில் ஆரஞ்சுத் தோலுக்குள் உறைந்த 'ரோமன் பஞ்ச்' பரிமாறப்பட்டது. ஊழியர்கள் இரகசியமாக அதில் ரம் ஊற்றிவிட்டதாக எண்ணி, குடிப்பிரியர்கள் உச்சுக்கொட்டிச் சாப்பிட்டார்கள். பிற்காலத்தில் ஹேய்ஸ் தம் நாட்குறிப்பில் உண்மையை எழுதினார். ரம்மின் மணம் தரும் பொருளைச் சற்றுத் தூக்கலாகச் சேர்க்கச் சொன்னதே அவர்தானாம். ஒரு துளி சாராயமும் அதில் இல்லை!

நம் நாட்டில் ராஜாஜி 1929 முதல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகையை நடத்தினார். அதில் கல்கி அவருக்குத் துணையாக இருந்தார். ராஜாஜி பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலாகி, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் விரிந்தது. அரசியல் சாசனத்தின் 47ஆம் ஷரத்தும் மதுவிலக்கை அரசின் குறிக்கோளாகவே வைத்திருக்கிறது. அந்தச் சட்டங்களின் பிற்காலக் கதி வேறு கதை. ஆனால் மதுவை மறுப்பது பழம்பஞ்சாங்கத்தனம் என்று விருந்தில் யாராவது சொன்னால், தலை குனிய வேண்டியதில்லை.

ஐந்தாவது பொருளுக்குப் பதில்

மது பஞ்ச்சில் இரண்டு காரியம் செய்கிறது. எலுமிச்சைத் தோலில் உள்ள வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, மதுவில் கரையும். அது ஒன்று. நாக்கிலும் தொண்டையிலும் ஒரு சுறுசுறுப்பான எரிச்சல் தருவது இன்னொன்று. இரண்டுக்கும் மாற்று நம் சமையலறையிலேயே இருக்கிறது.

தோலைச் சர்க்கரையோடு கசக்கி வைத்தால் அந்த எண்ணெய் சர்க்கரையில் ஏறிக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டில் சர்க்கரைக் கட்டியை எலுமிச்சைத் தோலில் தேய்த்தது இதற்காகவே. எரிச்சலுக்கு இஞ்சியும் மிளகும் போதும். மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு ஏற்பியையே மதுவும் தூண்டுகிறது என்று 2002இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். இஞ்சி, மிளகின் காரமும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். பானகத்தில் சுக்கு சேர்த்த நம் பாட்டிமார்களுக்கு ஏற்பி தெரியாது, பலன் தெரியும்.

25 பேருக்குச் செய்முறை

4 ஆரஞ்சு, 6 எலுமிச்சம்பழத்தின் தோலை உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவி, 300 கிராம் சர்க்கரையுடன் கசக்கி 2 மணி நேரம் மூடி வையுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் தட்டிய இஞ்சி 50 கிராம், ஏலக்காய் 10, பட்டை 2 துண்டு, மிளகு அரை ஸ்பூன் போட்டு 10 நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி, 4 ஸ்பூன் தேயிலை சேர்த்து, 4 நிமிஷத்தில் வடிகட்டுங்கள். தேயிலையின் துவர்ப்பு பானத்துக்குக் கனம் தரும். குழந்தைகளுக்குத் தேயிலை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சூட்டோடு தோல்-சர்க்கரையில் ஊற்றிக் கலக்கி, ஆறியபின் வடிகட்டுங்கள். எலுமிச்சைச் சாறு 250 மில்லி, ஏதேனும் பழச்சாறு ஒன்றரை லிட்டர் சேர்த்துக் குளிர வையுங்கள். பரிமாறும்போது மட்டும் 2 லிட்டர் சோடா ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் வாயு போய்விடும்.

சில குறிப்புகள். புளிப்பு உள்ளதால் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே உசிதம். பித்தளை, அலுமினியம் கூடாது. சிறு ஐஸ் துண்டுகளைவிட ஒரே பெரிய கட்டி மெதுவாகக் கரையும், பானம் நீர்த்துப்போகாது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குத் தேயிலைக் கஷாயம், எலுமிச்சைச் சாறு, சோடா மட்டும் கலந்து தனி ஜாடி வைப்பது நல்லது. மிஞ்சியதை வெளியில் வைக்காதீர்கள். ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிட்டால் நாம் தவிர்த்த ஐந்தாவது பொருள் தானாகவே வந்து சேரும்!

பழத்தை அவரவர் ஊருக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். நாகபுரியில் சந்த்ரா, டில்லியில் கின்னோ, வடகிழக்கில் அன்னாசி. மும்பை அன்பர்கள் எலுமிச்சைக்குப் பதில் கோகம் சேர்க்கலாம். கொல்கத்தாவில் கந்தராஜ் எலுமிச்சையின் தோல் ஒன்றே பாத்திரம் முழுவதையும் மணக்கச் செய்யும்.

அடுத்த விருந்தில் இந்தப் பாத்திரத்தை மூலையில் ஒதுக்காமல் மேஜையின் நடுவில் வையுங்கள். மது அருந்துபவரும் ஒரு தம்ளர் எடுத்துப் பார்க்கட்டும். இதன் பெயர் என்ன என்று கேட்டால், தயங்காமல் பஞ்ச் என்றே சொல்லுங்கள்.