நியாயமான மனிதன் யார்?

பிறப்பைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் வகுத்தது மனுநூல். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமோ, குற்றம் ஒன்றாயின் தண்டனையும் ஒன்றே என்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதை அடிப்படை உரிமையாகவே ஆக்கிற்று. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஆயினும், சட்டம் சமமானால் நீதியும் தானே சமமாகிவிடுமா? இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றவியல் சட்டத்தில் கற்பனை மனிதர் ஒருவர் உலவுகிறார். ஒரு செய்தி உண்மையாயிருக்கக் கூடும் எனக் கொண்டு விவேகமுள்ள மனிதர் செயற்படுவாராயின், அது மெய்ப்பிக்கப்பட்டதாகும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறிற்று. தற்காப்புக்காகத் தாக்கியவரின் அச்சம் நியாயமானதா, திடீர்ச் சினத்தால் தன்னிலை இழந்தது மனித இயல்பா என்று அளப்பதற்கும் அத்தகைய மனிதரே அளவுகோல். அவருக்கு ஊரும் குலமும் இல்லை என்பது பொதுக் கருத்து. ஆனால் 1961இல் நானாவதி வழக்கில் உச்சநீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவர் சார்ந்த சமூகப் பிரிவைச் சேர்ந்த நியாயமான மனிதரையே எண்ணிப் பார்க்கவேண்டும் என்றது. அக்கற்பனை மனிதருக்கும் சமுதாயத்தில் ஓர் இடம் உண்டு என்பது இதனால் விளங்கும். அவ்விடம் எது என்பதே நம் கேள்வி.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. மிராசுதார்கள் 23 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1970இல் அமர்வு நீதிமன்றம் எட்டுப் பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

விடுதலைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. குற்றஞ்சாட்டப்பட்டோர் பெருநிலக்கிழார்கள், முதல் எதிரியோ கார் வைத்திருப்பவர். இத்தகைய செல்வர்கள் ஏவலாட்கள் துணையின்றித் தாமே நடந்து சென்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது அரிது. பசித்த கூலியாட்கள்தாம் முன்பின் பாராமல் அவ்வாறு செய்யக்கூடும் என்பது அத்தீர்ப்பின் போக்கு. செல்வம் இங்கே நற்சான்றாயிற்று. பசியோ ஐயத்திற்கு இடமாயிற்று. சேரியில் வளர்ந்த ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்திருப்பின், ஆண்டையின் கை நேரே ஓங்கப்படுவதை அரிதென்று எண்ணியிருப்பாரா? 'நம்பத்தக்கது' என்னும் சொல்லுக்குள் ஒருசாராரின் வாழ்க்கை அனுபவமே பொது அறிவாகப் புகுந்துவிட்டது.

1972இல் மகாராட்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்குக் கொடுமை நிகழ்ந்தது. அதுவே மதுரா வழக்கு. உடலில் காயமில்லை என்பதையும் அவள் எதிர்த்துப் போராடியதாகத் தெரியவில்லை என்பதையும் கொண்டு, 1978இல் உச்சநீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. சீருடைக்கு முன் ஏழைப் பெண்ணின் நா எழாது என்பது அந்த அளவுகோலுக்குத் தெரியவில்லை. 1979இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். பெண்கள் இயக்கங்கள் கிளர்ந்தெழுந்தன. 1983இல் சட்டம் திருந்திற்று. காவலில் இருந்த பெண் தான் இசையவில்லை என்று சாட்சி சொன்னால், நீதிமன்றம் அதனையே உண்மையென அனுமானிக்க வேண்டும் என்றாயிற்று.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் சாதி தமக்குத் தெரியாது என்று எதிரிகள் தப்பிக்கும் வழியை 2015இன் திருத்தம் குறுக்கியது. அவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் சாதியையும் அறிந்தவரே என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்பது விதி. ஊரில் எவரும் அறிந்த உண்மை சட்டத்தில் ஏறுவதற்கு இத்தனை காலம் பிடித்தது.

ஒன்றை மறத்தலாகாது. நியாயமான ஐயத்தின் பலன் எதிரிக்கே என்பது உயர்ந்த கோட்பாடு. பொய்வழக்குகளில் சிக்கும் நம் இளைஞர்களுக்கும் அதுவே கேடயம். அதனைத் தளர்த்துமாறு நாம் கோரவில்லை. ஐயம் எழுவது சான்றின் குறையாலா, சாட்சியின் குடிசையைக் கண்டதாலா என்று பிரித்தறிய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விவேகமுள்ள மனிதர் அதிலும் தொடர்கிறார். அவருக்கு உருக்கொடுப்போர் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் புலனாய்வாளர்களுமே. அவ்விருக்கைகளில் நம் பிள்ளைகளும் அமரும்போதுதான் அவருடைய பொது அறிவில் நம் சேரியின் அறிவும் சேரும். ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் விளக்கேற்றி வைப்பது வேலைவாய்ப்புக்காக மட்டும் அன்று. நம் சொல் நம்பப்படும் நாளுக்காகவும் ஆகும்.