தேரோடும் வீதியும் சாதிச் சான்றிதழும்

தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எப்போதாவது பொறுமையா வாசிச்சுப் பாருங்க. அதில் ஒரு பதிவு வரும்: நாடார், சாணார், கிராமணி, கூடவே கிறிஸ்தவ நாடார், கிறிஸ்தவ சாணார், கிறிஸ்தவ கிராமணி. ஒரே ஒரு வரிதான். அதுக்குள்ள கரிசல் காட்டின் நூற்றைம்பது வருஷச் சரித்திரம் மடங்கிக் கிடக்கு.

நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது சொல்லை இழிசொல் என்று அந்த மக்களே ஒதுக்கினார்கள். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியதிலிருந்து விடாமல் மனுப் போட்டு, 1921இல்தான் சென்னை அரசாங்கம் தன் ஏடுகளில் 'நாடார்' என்றே எழுத ஒத்துக்கொண்டது. ஆனால் சலுகைப் பட்டியலில் அந்தப் பழைய சொல் இன்னமும் உட்கார்ந்திருக்கிறது. பழைய பத்திரத்தில் அப்படிப் பதிவானவர்கள் யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும். இருந்தாலும், மானத்துக்காகத் துரத்திய சொல் உரிமைக்காகத் திரும்பி வந்து நிற்பதைப் பார்க்கும்போது ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

இதைப் புரிந்துகொள்ள எட்டயபுரம் ஜமீனுக்குத்தான் போகணும்.

கழுகுமலை முருகன் கோயில் எட்டயபுரம் ஜமீனின் கட்டுப்பாட்டில் இருந்தது. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான். அவரை ஆதரித்தது ஊற்றுமலை ஜமீன். அந்தச் சிந்தைக் கேட்டிருக்கிற பலருக்கும் அந்த மலையடிவாரத் தேர் வீதிகளில் நடந்தது தெரியாது. அந்த வீதிகள் கோயிலுக்குச் சொந்தம், கோயில் ஜமீனுக்குச் சொந்தம், ஆகவே நாடார்கள் அவற்றில் பல்லக்கு ஊர்வலம் போகக் கூடாது என்றது ஜமீன். நாடார்கள் வழக்குக்குப் போனார்கள்; தோற்றார்கள். அதன் பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள். தேர் வீதியிலேயே ஒரு வீட்டை ஜெபக்கூடமாக்கினார்கள். 1895 ஏப்ரல், பங்குனித் திருவிழா. தேர் வரும் வழியில் ஜெபக்கூடத்துக்கு முன்னால் பந்தல். அதைப் பிரிக்கணும், பிரிக்க முடியாது என்று தொடங்கிய தகராறு கொலையில் போய் முடிந்தது. செத்தவர்களில் ஜமீன் மேலாளரும் ஒருவர். நாடார்கள் பலர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அவர்கள் வீடுகள் எரிந்தன.

நாலு வருஷம் கழித்து, 1899இல், சிவகாசி. அது பெரிய கதை, ஊரறிந்த கதை. கமுதிக் கோயில் வழக்கும் அதே காலம்தான்: 1897இல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைய, ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி இந்தக் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களை வைத்துத்தான் 'அஞ்ஞாடி' எழுதினார். 2014இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. வெளியூர்க்காரங்க யாராவது கரிசலைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் வாசிக்கச் சொல்லுவேன்.

இப்போ இட ஒதுக்கீட்டுச் சண்டைக்கு வருவோம். "ஏழைகளுக்குக் கொடுங்க, சாதியைப் பார்க்காதீங்க" என்று ஒரு வாதம் இருக்கில்லையா? அதைக் கழுகுமலைத் தேர் வீதியில் நிறுத்திப் பாருங்கள். அங்கே வீதிக்குள் வராதே என்று தடுக்கப்பட்டவர்கள் பரம ஏழைகள் இல்லை. பல்லக்கு வைத்துக்கொள்ளக் காசு இருந்தவர்கள், நீதிமன்றத்தில் வக்கீல் வைக்கக் காசு இருந்தவர்கள், தேர் வீதியில் வீடு வாங்கக் காசு இருந்தவர்கள். சொல்லப்போனால் காசு வந்ததுதான் தகராறுக்கே காரணம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்குகிறார்கள். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆறு பேரை அழைத்துப் போகிறார். ஐந்து பேர் தாழ்த்தப்பட்டோர், ஆறாவது ஆள் ஒரு நாடார். வங்கி வைத்துப் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் கோயில் வாசல் திறந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்திலும் இந்தப் பாடம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. (மருத்துவக் கல்லூரியில் இடம் போச்சே என்று வழக்குப் போட்ட அந்த அம்மா, உண்மையில் அங்கே விண்ணப்பமே போடவில்லை, அது தீர்ப்பிலேயே இருக்கு.) அதே வருஷம் சேர்க்கப்பட்ட 15(4) பிரிவு 'சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கிய' வகுப்புகள் என்றுதான் சொல்கிறது. பொருளாதாரம் என்ற சொல் அதில் இல்லை. 1979இல் எம்.ஜி.ஆர். அதைக் கொண்டுவரப் பார்த்தார்: வருஷ வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் என்றால் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது. அடுத்து வந்த 1980 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம். (அந்த இரண்டில் ஒன்று சிவகாசி!) உடனே ஆணையை வாபஸ் வாங்கி, 31 சதவீதத்தை 50 ஆக்கினார். நாற்பது வருஷம் கழித்து, 2019இல், 103ஆம் திருத்தம் வந்து பொருளாதாரத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டது. அதில் எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவரும் 'நலிந்தவர்'. ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் சாதிகளின் ஏழைக்கு அதில் இடமில்லை. இதை 2022இல் மூன்றுக்கு இரண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனக்கு அந்த இரண்டு நீதிபதிகள் சொன்னதுதான் சரியாகப் படுகிறது.

அமெரிக்காவில் 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் வந்த தீர்ப்பையும் இங்கே சொல்லணும். கல்லூரி இனி நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் நிறம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கலாம் என்கிறது. அதாவது பதினேழு வயசுப் பிள்ளை தன் அவமானத்தைத் தானே நல்ல ஆங்கிலத்தில் விவரித்து இடம் கேட்கணும். நம்ம ஊர்த் தாலுகா ஆபீஸ் சான்றிதழ் ஒரு வறட்டுக் காகிதம்தான், அதை வாங்க அலையவும் விடுறாங்க. ஆனாலும் அது யாரிடமும் கதை கேட்பதில்லை.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். "நாடார்கள் யாரிடமும் கை நீட்டாம மேல வந்தாங்க, மத்தவங்க ஏன் வரக் கூடாது?" இதை இந்தப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். முதல் பாதியில் உண்மை உண்டு. மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, அதில் விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை போலப் பள்ளிக்கூடங்களைக் கட்டினார்கள். அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் செய்த வேலை அது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் மகமை எடுக்க முதலில் கடை வேணும். கடைக்குச் சரக்கு வேணும், சரக்கேற்ற வண்டிமாடு வேணும். அதே 1895இல், அதே ஜமீனில், பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அடுத்தவர் கரிசலில் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கூலியில் என்ன மகமை எடுப்பது? இன்னொன்றும் சொல்லணும், கசப்பாத்தான் இருக்கும். கமுதி வழக்கில் நாடார் தரப்பு 'நாங்கள் சத்திரியர், எங்களை உள்ளே விடு' என்று கேட்டது. எல்லாரையும் விடு என்று கேட்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் வேறு எப்படியும் கேட்டிருக்க முடியாது என்பதும் உண்மை.

இந்த ஏற்றத்தாழ்வைப் பட்டியலுக்குள்ளேயே கண்டவர் செங்கோட்டைக்காரரான சட்டநாதன். 1970இல் அறிக்கை கொடுத்த முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தலைவர். சில சாதிகளே பலனில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன, மிகவும் பின்தங்கியவர்களைத் தனியாகப் பிரியுங்கள் என்றார். அரசு சதவீதத்தை 25லிருந்து 31 ஆக உயர்த்தியது, பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு 1989 ஆயிற்று.

பட்டியல் சாதிகளிலும் இதே கேள்வி தாமதமாக வந்தது. 2009இல் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கினார்கள். அதில் அடங்கும் ஏழு பெயர்களைப் பாருங்கள்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர். பகடை நம்ம நெல்லைச் சீமைப் பெயர். ஒண்டிவீரன் பகடை என்றால் தெரியும். தோட்டி என்பது சாதியின் பெயரா, தலையில் கட்டிய வேலையின் பெயரா? கோவில்பட்டி மாதிரி ஊர்களில் தெருக்கூட்டும் வேலையும் சாக்கடை வேலையும் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுந்தன. அந்த 3 சதவீதத்தை எதிர்த்து மற்ற பட்டியல் சாதித் தலைவர்கள் சிலரே வழக்குக்குப் போனார்கள். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பஞ்சாப் வழக்கோடு சேர்த்து, ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் உள்ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். பள்ளர், பறையர் தரப்பின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மொத்தம் 18தான், அதற்குள்ளேயே பங்கு பிரித்தால் அடித்துக்கொள்வது இவங்களாத்தான் இருக்கும்.

தேவேந்திரகுல வேளாளர் கதையோ இதைத் தலைகீழாக்குகிறது. 2021இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பள்ளன், குடும்பன், தேவேந்திரகுலத்தான் உள்ளிட்ட ஏழு பெயர்களை ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. நூறு வருஷத்துக்கு முந்தி நாடார்கள் நடத்திய அதே பெயர்ச் சண்டைதான். ஆனால் அதோடு நிற்காமல், எங்களைப் பட்டியலிலிருந்தே வெளியேற்று என்று ஒட்டப்பிடாரத்தில் இரண்டு தடவை ஜெயித்த கிருஷ்ணசாமி கேட்கிறார். பட்டியல் என்ற சொல்லே இழிவைச் சுமக்கிறது என்பது அவர் வாதம். அதே சமூகத்தில் பலர் 'பெயர் வேணும், பட்டியலும் வேணும்' என்கிறார்கள். கொடியன்குளத்தில் 1995இல் போலீஸ் புகுந்து உடைத்ததும் வளைகுடாச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகளைத்தான். அதை நினைத்தால், காசும் புதுப்பெயரும் மட்டும் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.

கடைசியா, அந்த ஜெபக்கூடப் பந்தல். 1895இல் மதம் மாறினால் வீதி திறக்கும் என்று நம்பினார்கள், திறக்கவில்லை. இன்று பட்டியலில் நாடார் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அதே வரியில்தான் இருக்கிறார். ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பள்ளரோ பறையரோ அருந்ததியரோ பட்டியல் சாதியாக இருக்க முடியாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவைத் திறந்தார்கள், கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இல்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனி வரியாக வருகிறார். முதலில் சொன்ன நாடார் வரி இருக்கும் அதே பட்டியலில்.